காக்கவைத்த கொழுந்து

ரத்தொட்டை மலைத் தோட்டத்தின் தேயிலை ஆலையில், சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. கொழும்பிலிருந்து வந்த வியாபாரி ஒரு மிடறு உறிஞ்சி, முகம் சுளித்துத் துப்புகிறார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கழுத்து சிவக்கிறது. “முத்தின எலையப் பறிக்கச் சொன்னது யாருடி?” என்று வாசலில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கணக்கப்பிள்ளை அதட்டுகிறார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் மழைநீர் சொட்டச் சவரியம்மா முன்னால் வருகிறாள். துரையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்கிறது. “நாந்தாங்க. எம் புள்ளைய அடக்கம் பண்ண அரைநாள் கேட்டப்ப, ‘பொணம் காத்திருக்கும், கொழுந்து காத்திருக்காது’ன்னு தொரை சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னையிலேருந்து நாங்க எல்லாரும் கொழுந்தைக் காக்க வச்சிருக்கோம்.” துரை என்னவென்று ஆங்கிலத்தில் கேட்க, கணக்கப்பிள்ளை எதையோ மாற்றிச் சொல்ல வாயெடுக்கிறார். “ஒரு வார்த்த விடாம இங்கிலீசுல சொல்லுங்கய்யா,” என்கிறாள் சவரியம்மா.