காவலன் கண்ணில் படாத அடி

இப்போது வீட்டுக்கு வீடு நிற்கிற காவலன் இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை எழுதுவதுதான் மரகதவல்லியின் வேலை. வீட்டுக்குள் யார் யாரை அடிக்க வந்தாலும் காவலன் பாய்ந்து பிடிக்க வேண்டும்.

"என்னக்கா, இன்னும் கையாலயே எழுதிட்டிருக்கீங்க?" என்றான் டீம் லீடர் இளம்பரிதி. "யார் அடிக்கிறான், எதால அடிக்கிறான், எந்த ரூம், எவ்வளவு கத்துறான், எல்லாத்தையும் கலந்து கலந்து ப்ரோக்ராமே லட்சம் டெஸ்ட் போட்டுடுச்சு. அத்தனையும் பாஸ்."

"இது அதுல இல்ல தம்பி. இவன் கத்தவே மாட்டான். சிரிச்சுக்கிட்டே அடிப்பான்."

"சிரிச்சுக்கிட்டு எவன் அடிப்பான்? சீரியல் பாக்கிறதைக் குறைங்க" என்று அவன் அவள் எழுதிய டெஸ்ட்டை நீக்கிவிட்டான்.

அன்று இரவு அவள் வீட்டுக்குக் கொழுந்தனார் சாப்பிட வந்திருந்தார். குழம்பில் உப்புக் கம்மி. புருஷன் திருஞானம் தம்பியோடு கிரிக்கெட் பேசிச் சிரித்தபடியே, மேசைக்கடியில் அவளுடைய வலதுகை விரல்களைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. கத்தினால் விருந்தாளி போன பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்திலேயே நின்ற காவலன் குனிந்து, "அம்மா, ரசம் ஊற்றட்டுமா?" என்றது.

மறுநாள் அவள் கைக்கட்டைப் பார்த்ததும் இளம்பரிதி எழுந்துவிட்டான். "என்னக்கா ஆச்சு?"

"நீங்க நீக்கின டெஸ்ட்டை எங்க வீட்டுல ஓட்டிப் பாத்தாச்சு. காவலன் ஃபெயில்."

அவன் அவளுடைய கணினிக்கு முன்னால் வந்து நின்றான்.

"என்னால டைப் பண்ண முடியாது தம்பி. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தான். "எப்படி ஆரம்பிக்கணும்?"

"சிரிச்சுக்கிட்டிருக்கான்னு ஆரம்பிங்க."