சக்கரம், சார்

விமானம் தரையிறங்க, ஓடுபாதை கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையிலிருந்த மாணவன் மெல்லச் சொன்னான்: "சக்கரம், சார்."

பயிற்சி அதிகாரி குனிந்து பார்த்தார். சக்கரம் இறங்கியதும் எரிய வேண்டிய மூன்று பச்சை விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. அவர் சக்கரத்தை இறக்கவே இல்லை.

கை தானாகப் போய்ச் சக்கரத்தின் கைப்பிடியை அமுக்கியது.

விளக்குகள் எரிந்தன. போர் விமானி என்று இருபது வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், கூரையிலிருந்து குதிக்கும் கோழி மாதிரி தத்தித் தரை சேர்ந்தார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"வேணும்னுதான் விட்டேன். நீ சொல்றியான்னு பாத்தேன்."

மாணவன் தலையாட்டினான். அதிகாரிக்குத் தன் குரலின் கம்பீரம் தனக்கே பிடித்திருந்தது.

பிற்பகல் வகுப்பு. விமானத்துக்குள் ஒருவருக்கொருவர் கண்ணும் காதுமாக இருப்பது எப்படி என்பது பாடம். ஒன்பது வருடமாக நடத்துகிறார். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பதுகூட மனப்பாடம். உள்ளே ஏறிவிட்டால் பெரியவன் சின்னவன் கிடையாது, தப்பு யாருடையதானாலும் வாய் திறக்க வேண்டும் என்றார். காலையில் வைத்த சோதனையை உதாரணமாகச் சொன்னார். கொஞ்சம் மெருகேற்றியே சொன்னார்.

பன்னிரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

நடந்துகொண்டே முன்வரிசைப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தார். 'சார் தப்பு செய்தால் சோதனையாக இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவும்' என்று குண்டு குண்டாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

காலையில் தரையைத் தொட அவர்களிடம் மிச்சமிருந்ததே இருபது நொடிதான்.

மேடைக்குத் திரும்ப நான்கு எட்டு. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, பலகையில் எதையோ அழிக்கிற பாவனையில், வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"அது சோதனை இல்ல. நான் மறந்துட்டேன். கூட வந்தவன் சொல்லலன்னா, சக்கரம் இல்லாம விமானத்தோட வயிறு தரையில தேயத்தான் இறங்கியிருப்போம்."

திரும்பினார். யாரும் சிரிக்கவில்லை. ஒப்புக்கொண்ட பெருந்தன்மைக்காகவாவது நாலு பேர் நல்லவிதமாகப் பேசுவார்கள் என்று அவர் மனம் அதற்குள் ஆசைப்பட ஆரம்பித்திருந்தது.

காலையில் உடன் பறந்த மாணவன் எழுந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"விளக்கை நானும் பாக்கல சார். இறங்குறப்ப படிக்கிற செக்லிஸ்ட்ல அடுத்த வார்த்தை 'சக்கரம்', அதான் படிச்சேன். நீங்கதான் இருக்கீங்களேன்னு விட்டுட்டேன்."