சாட்டிலைட் பொய் சொல்லாது

“நூத்தி இருபதுங்கறா,” என்றார் நீதிபதி, காதில் செருகியிருந்த இயர்போனைச் செல்லமாகத் தட்டிக்கொண்டு.

“யாருங்க?” என்றார் பல் டாக்டர்.

“இவதான்.” நீதிபதி செல்போனைத் தூக்கிக் காட்டினார். “மேப்புல ஒரு இடத்தைத் தொட்டா போதும். சாட்டிலைட்டைக் கேட்டு, இங்கேருந்து அது எத்தனை மீட்டர்னு காதுல சொல்லிடுவா. ஆயுசு பூரா சாட்சிகளை விசாரிச்சவன் சொல்றேன் டாக்டர், சாட்டிலைட் மட்டும்தான் பொய் சாட்சி சொல்லாது.”

ஓய்வு பெற்ற பிறகும் அவர் காலை வணக்கத்தைக்கூடத் தீர்ப்பு வாசிப்பது போலத்தான் சொல்வார். இப்போதும் தொண்டையைக் கனைத்து, கோர்ட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு கோல்ஃப் மட்டையை வீசினார். கோர்ட்டில் இருந்தது டாக்டரும் இரண்டு காக்கைகளும்.

பந்து அழகாக எழும்பி, அழகாக வளைந்து, மைதானத்தின் நடுவே இருந்த குளத்தில் அழகாக விழுந்தது.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காரணம், காலையில் மகள் போட்டு அனுப்பிய உத்தரவு. “அப்பா, உங்க வீரத்தையெல்லாம் இன்னிக்கு வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. ஆட்டம் முடிஞ்சதும் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம்னு அவரோட அப்பா, அந்த ஜட்ஜ், சொல்லியிருக்கார். தோத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாராம். அப்புறம் எந்தப் பேச்சும் நடக்காதாம். எனக்காக ஒரே ஒரு தடவை தோத்துட்டு வாங்களேன்.”

மகளுக்காக உயிரைக் கொடு என்றால் டாக்டர் யோசிக்காமல் கொடுத்திருப்பார். தோற்கச் சொன்னதுதான் கொஞ்சம் அதிகம். அவருடைய கிளினிக்கில் அலமாரி முழுக்க கோல்ஃபில் ஜெயித்த கோப்பைகள். வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன், அவற்றைப் பார்த்து வாயைப் பிளந்தாக வேண்டும்.

இருந்தாலும் துணிந்தார். தன் பந்தை ஓரத்து மரத்தைக் குறி பார்த்து அடித்தார். அது மரத்தில் மோதித் திரும்பி, சரிவில் உருண்டு, குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

“பிரமாதம் டாக்டர்! மரத்தைக்கூட வேலை வாங்கிட்டீங்களே!”

டாக்டர், டாக்டர், டாக்டர். வாய் தவறியாவது ஒரு ‘சம்பந்தி’ வரக் கூடாதா? எந்த வாயைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இந்த வாய் மட்டும் பிடிபடவில்லை.

அடுத்த குழிக்கு வந்ததும் நீதிபதி மறுபடி போனைத் தொட்டார். “நூத்திப் பத்து,” என்று அறிவித்தார்.

டாக்டர் பக்கத்தில் நட்டிருந்த பலகையைப் பார்த்தார். கொடிக்கு நூற்றைம்பது மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “சார், பலகையில நூத்தம்பதுன்னு இருக்கே?”

“பலகை எவனோ மனுஷன் நட்டது. இவ மேலேருந்து பாக்கறா.”

அடித்தார். பந்து நூற்றுப் பத்து மீட்டர்தான் போயிற்று. அங்கே குளம் இருந்தது.

சாட்டிலைட்டுக்குக் கண்ணில் கோளாறு என்று டாக்டர் முடிவு கட்டினார். பல்லாக இருந்தால் அவரே பார்த்திருப்பார்.

நடுவில் நீதிபதிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒதுங்கிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். “ஆமாம்மா, எல்லாம் நீ சொன்னபடிதான் போயிட்டிருக்கு. கவலைப்படாதே.” இந்த லட்சணத்தில் ஆடிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் பொய் வேறா என்று டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

கடைசிக் குழியில் டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். மணலுக்குள் அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பாழாய்ப்போன பழக்கம், கை கேட்கவில்லை. நீதிபதியோ போனைத் தொட்டு, “எண்பத்தஞ்சு” என்று சொல்லி, குளத்துத் தவளைகளுக்கு மூன்றாவது பந்தையும் வழங்கினார்.

ஜெயித்த டாக்டர் துக்கம் விசாரிக்க வந்தவர் போல நின்றார். “தப்பா நினைக்காதீங்க சார். இன்னிக்குக் காத்து என் பக்கமா அடிச்சிடுச்சு...”

“அதை விடுங்க. ஜெயிச்சதுல உங்களுக்குச் சந்தோஷம்தானே?”

“ச... சந்தோஷம்தான்.”

“அது போதும்!” நீதிபதி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அடுத்த மாசமே நாள் குறிச்சிடலாம், சம்பந்தி!”

சம்பந்தி! டாக்டருக்குக் காது குளிர்ந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. தோற்ற மனுஷர் மூஞ்சியைத் தூக்காமல், ஒரு பல் பாக்கியில்லாமல் சிரிக்கிறாரே?

நீதிபதி காதிலிருந்ததைக் கழற்றி அதன் டப்பாவுக்குள் போட்டு மூடினார். போக்கிடம் இல்லாத குரல், சட்டைப் பையிலிருந்த செல்போன் வழியாக மைதானத்துக்கே கேட்கும்படி பேசியது.

“ஆட்டம் முடிந்தது. மூன்று முறை நீங்கள் குறித்த இலக்கு, குளம். மூன்று அடியும் துல்லியம். வாழ்த்துகள்!”

நீதிபதி முதல் தடவையாகத் தீர்ப்புக் குரலைத் தொலைத்துவிட்டு, கூண்டில் ஏறியவர் போலத் தலையைச் சொறிந்தார்.

“உங்க பொண்ணுதான் சொல்லுச்சு சம்பந்தி, தோத்தா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு.”