கழுத்து வரைக்கும்

இந்தப் பிடிவாதக்காரனைக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை நாள் மாரடிப்பது என்றுதான் மஞ்சு பட்டறைக்கே கிளம்பி வந்துவிட்டாள். தோளில் பிள்ளை தூங்கிப் போயிருந்தது.

பின்னே என்ன? செவ்வாய்க்கிழமை புகை டெஸ்ட்டில் வேன் ஃபெயில். வண்டிக்குள் பெட்ரோல் நெடி, எங்கேயோ ஆவி கசிகிறது, பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. அரியலூரில் ஒரு பட்டறை, குன்னத்தில் ஒரு பட்டறை, இப்போது பெரம்பலூரில் மூன்றாவது. அங்கெல்லாம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் புருஷன் தமிழரசன் வாயே திறப்பதில்லை. "அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்பதோடு சரி.

திங்கட்கிழமை காலைக்குள் சர்ட்டிபிகேட் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதினோரு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அந்த ஒரு டிரிப்பில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. மஞ்சு பைபாஸ் பெட்ரோல் பங்க்கில் பார்க்கிற வேலை பாலுக்கும் மருந்துக்கும்தான் காணும்.

மெக்கானிக் செல்லதுரை வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. ஒவ்வொரு குழாயிலயும் காத்தடிச்சு சோப்பு நுரை தடவிப் பாத்துட்டேன். ஓட்டை இருந்தா முட்டை முட்டையா வரணும். ஒரு முட்டை வரல. அந்தக் கரி டப்பாவைக் கழட்டலாம்னா, அது புதுசு, தொடாதீங்கன்னு கையைத் தட்டி வுடுறாரு."

"டேங்க் மூடியை இன்னொருக்க பாருங்கண்ணே" என்றான் தமிழரசன்.

"மூணு தடவை பாத்தாச்சு தம்பி. இனிமே மூடிக்குப் பூவும் பொட்டும் வைக்கிறதுதான் பாக்கி."

நாலு பேர் இருக்கிற இடத்தில் தலைநிமிர்ந்து பேசத் தெரியாதவள் மஞ்சு. அன்றைக்கு ஆத்திரம் பேச வைத்தது.

"ஏங்க, பெரிய இன்ஜினியரு மாதிரி நின்னுக்கிட்டு. அவரு வேலைய அவர பாக்க வுடுங்களேன். நீங்க கழட்டுங்கண்ணே."

தமிழரசன் அவளை ஒரு பார்வை பார்த்தான். கோபம் மாதிரி தெரியவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

செல்லதுரை டேங்க் பக்கத்திலிருந்த கருப்பு டப்பாவைக் கழற்றித் தகரத் தட்டில் சாய்த்தார். கொடகொடவென்று பெட்ரோல் கொட்டியது.

டேங்க்கில் எழும்புகிற ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் உள்ளே கரி இருக்கிறதாம். ஆவி வரவேண்டிய இடத்தில் பெட்ரோலே இறங்கிக் கரி ஊறிப்போய்விட்டதாம். நெடி அடிப்பதும் டெஸ்ட்டில் மாட்டியதும் அதனால்தானாம்.

"பெட்ரோல் எப்படிண்ணே அதுக்குள்ள போகும்?"

"பங்க்ல போடுறப்ப டக்குன்னு தானா நிக்கும் பாருங்க, அதோட வுட்டுடணும். நின்ன பொறவும் அமுக்கி அமுக்கிக் கழுத்து வரைக்கும் ரொப்புனா இதுலதான் எறங்கும். எவனோ ஒரு வெளங்காதவன் மாசக்கணக்கா ரொப்பியிருக்கான்."

மஞ்சு பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பங்க்கில் மற்ற வண்டிகளுக்கு அவள் டக்கென்று நின்றதும் குழாயை எடுத்துவிடுவாள். தமிழரசன் வண்டி வந்தால் மட்டும் மனசு கேட்காது. அவருக்குப் போய்க் குறைவாகவா போடுவது? சொட்டுச் சொட்டாக அமுக்கி, கழுத்தில் பெட்ரோல் மினுங்குகிறதைப் பார்த்த பிறகுதான் மூடியைப் போடுவாள். ஊரறிய, வாய் பேசாமல், புருஷனுக்கென்று அவள் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

போன வருஷம் சினையாடு ஒன்று, ஆசை ஆசையாக அவள் அள்ளி வைத்த மக்காச்சோளத்தைத் தின்று வயிறு ஊதிச் செத்துப்போனது. மூன்று நாள் அவள் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கிடந்தாள்.

இப்போது வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் தமிழரசன் முந்திக்கொண்டான்.

"நான்தாண்ணே. பங்க்காரங்க வேணாம்னாலும் நான்தான் சண்டை புடிச்சு ரொப்பச் சொல்லுவேன்."

அவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

புது டப்பா திருச்சியிலிருந்து வரவேண்டும், நாளைக்கு ஞாயிறு, எப்படிப் பார்த்தாலும் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும் என்றார் செல்லதுரை. பள்ளிக்கூடத்தில் இன்னும் ரெண்டு நாள் தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்று தமிழரசன் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனான்.

மஞ்சு உள்ளிருந்து பார்த்தாள். பேசினான். கேட்டான். அப்புறம் பேசவும் இல்லை, போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அப்படியே நின்றான். டிரிப் போய்விட்டது என்று அவளுக்கு யாரும் வந்து சொல்லவேண்டி இருக்கவில்லை.

அதற்குள் செல்லதுரை, டப்பா கைவசம் இருக்கிறதா என்று அரியலூர் பட்டறைக்குப் பேசிவிட்டு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா, செவ்வாய்க்கிழமையே அவன் இதைக் கழட்டிக் காட்டியிருக்கான். அன்னிக்கே சரின்னிருந்தா வியாழக்கிழமை மாட்டிட்டு வண்டி ஓடியிருக்கும். இவரு என்னடான்னா, இதுவா இருக்கக் கூடாதுண்ணே, வேற எதாவது இருக்கான்னு பாருங்கன்னு அவன் கையைப் புடிச்சுக் கெஞ்சியிருக்காரு. குன்னத்துலயும் இதே கதைதானாம்."



செல்லதுரை ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வண்டிக்குள்ள கெடக்குற பில்லு அத்தனையும் பைபாஸ் பங்க்கு பில்லு. பொழப்பே போனாலும் போகட்டும்னு மறைக்கிற அளவுக்கு, அங்க இவருக்கு அப்படி யாரும்மா வேண்டியவங்க?"