இழப்புக்கு ஐம்பது புள்ளி

“எங்கப்பா வன்னியில ஷெல் விழுந்து செத்துட்டாருங்க மிஸ்.”

நிலக்ஷி இதைச் சொன்னதும் ரோகினியின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நொடியே சுதாரித்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

பாவம், அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? போரையும் சமாதானத்தையும் படித்து வர மலையகத்துப் பிள்ளை ஒன்றை இரண்டு வாரம் ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளையைத் தேடித்தான் கொழும்பு நிறுவனம் ஒன்று அவளை ஹட்டனுக்கு அனுப்பியிருந்தது. கையில் கொடுத்துவிட்ட தாளில் பேச்சுக்கு இருபது, பொது அறிவுக்கு முப்பது, போரில் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஐம்பது என்று புள்ளி போட்டிருந்தது.

சற்று முன்னால் வந்த திலக்ஷன் ஹிரோஷிமாவைப் பற்றி மடமடவென்று ஒப்பித்தான். ரோகினி அசந்துதான் போனாள்.

“அம்மா, அப்பா?”

“ரெண்டு பேரும் இருக்காங்க மிஸ்.”

“ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையோ?” என்று தன் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாள். குரலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

“போன மாசம் அப்பாவுக்குத் தேயிலக் கொழுந்து மலையில குளவி கொட்டிச்சு மிஸ். நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு.”

குளவிக்குத் தாளில் இடமில்லை. திலக்ஷன் போனபோது, வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த நிலக்ஷியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்போது ரோகினி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்ப பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“பத்து மாசங்க.”

“அப்பான்ர முகம் ஞாபகம் இருக்கோ?”

“நல்லா இருக்குங்க மிஸ். அவரு சிரிச்சா சத்தமே வராது. தோளு மட்டுந்தான் குலுங்கும்.”

‘துயரம் நினைவைக் கூர்மையாக்குகிறது’ என்று ரோகினி எழுதிக்கொண்டாள். வாக்கியம் அவளுக்கே பிடித்துப்போனது. அடியில் ஒரு கோடும் போட்டாள்.

“மரணச் சான்றிதழ் ஏதும்...?”

நிலக்ஷி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். துணைக்கு வந்த மாமா என்று அவள் சொல்லியிருந்த வீரய்யா, நனைந்த குடையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“அது எடுக்கலீங்க,” என்றார் அவர்.

“பரவாயில்லை. அந்த நேரம் ஆருக்குத்தான் கிடைச்சது?” ரோகினி அவர் பக்கம் திரும்பினாள். “இவ்வளவு காலமும் நீங்களோ பிள்ளையை வளர்த்தனீங்கள்?”

“ஆமாங்க. நானும் எம் பொஞ்சாதியுந்தான்.”

“பெத்த தகப்பனும் இப்பிடிப் பாக்கமாட்டான் ஐயா.”

வீரய்யா குடைக்கம்பியை ஆராயத் தொடங்கினார்.

பொது அறிவில் நிலக்ஷிக்குப் பன்னிரண்டுதான் தேறியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த வருடத்தையே தப்பாகச் சொன்னாள். ஆனால் தாளின் கடைசிக் கட்டத்தில் ரோகினி தயங்காமல் ஐம்பதுக்கு ஐம்பது போட்டாள். ஜப்பானுக்குப் போவது நிலக்ஷிதான் என்று அங்கேயே சொல்லி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பி வைத்தாள்.

வெளியே தூறல். டயகம பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டிருந்த நிலக்ஷி, அங்கே போனதும் விம்மி விம்மி அழுதாள். இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எந்தப் பிள்ளைக்குத்தான் அழுகை வராது?

வீரய்யா அக்கம்பக்கம் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை. குடையை மகள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவர் தோள் இரண்டும் குலுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை.

“அழாத தாயி, உங்கப்பன் நான் செத்தது வீணாப் போகல பாரு!”