கட்டைக்குப் பின்னால்

ஆம்பூர்த் தோல் ஷெட்டுக்குப் பின்னால், புதுக் குடிநீர்க் குழாய் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் பள்ளம் பாதி திறந்து கிடக்கிறது. உள்ளே பாயும் தண்ணீரின் அழுத்தம் குழாய் வளைவை வெளியே தள்ளிவிடாமல் இருக்க அதன் முதுகில் கான்கிரீட் கட்டை போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டையைத் தாங்க வேண்டியது பின்னாலுள்ள மண். ஓவர்சியர் தேவசகாயம் குனிந்து அந்த மண்ணில் கையை அழுத்துகிறார். மணிக்கட்டுவரை உள்ளே போகிறது. விரல்களில் ஒட்டி வருவது தோல் பதனிட்டபின் வீசியெறிந்த ஈர ஆவாரம்பட்டைச் சக்கை.

"இன்னா மேஸ்திரி இது?"

"மண்ணு கம்மியாப் போச்சு சார். ஷெட்டுல சக்கை ஜாஸ்தி கெடந்துச்சு, அதப் போட்டு இடிச்சிட்டேன்," என்கிறார் கஃபூர். "எங்க வூட்டுத் தரையே சக்கை போட்டதுதான். கல்லு மாதிரி கீது." பள்ளத்தை ஒட்டிய அந்த வீட்டின் வாசலில் அவர் மனைவி குடத்தோடு நிற்கிறாள்.

தெருமுனையில் ஆரவாரம் எழுகிறது, வால்வைத் திறந்துவிட்டார்கள். "மூடச் சொல்லு!" என்று தேவசகாயம் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. குழாய்க்குள் காற்று உறுமுகிறது. கட்டையின் பின்னாலிருந்து செம்பழுப்பு நீர் கசிந்து கஃபூரின் பாதங்களை நனைக்கிறது. "தண்ணி வந்துடுச்சு!" என்று அவள் சிரிக்கிறாள். ஈயம் ஊற்றிய குழாய் இணைப்பில் இன்னும் ஒரு சொட்டு ஈரமில்லை. வளைவு தள்ள, பின்னால் நகரும் கட்டைதான் சக்கையைப் பிழிகிறது.