ஒன்றரை மடங்கு

தோளுயர நாற்காலியை நாலாவது முறையாக இழுத்து ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

"போதும்மா, இன்னும் நகத்துனா தரை தேஞ்சுடும்" என்றார் தச்சர், கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.

அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாளை கண்காட்சித் திறப்பு. ஊரே வந்து பார்க்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. இன்று மதியம் அண்ணன் பார்க்க வருகிறார். அதுதான் கவலை.

பதினாறு வருடமாக அவள் வரைந்ததெல்லாம் ஒரே அறைதான். சிறு வயதில் குடியிருந்த அறை. பெல்ட்டை உருவிக்கொண்டு அப்பா. மூலையில், தனியாக, ஒரு சின்னப் பெண்.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் அண்ணன் பூங்கொத்தோடு வருவார். படங்களைப் பார்ப்பார். "அப்பா தங்கமான மனுஷன். உனக்கு அப்ப ஆறு வயசு, என்ன ஞாபகம் இருக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அப்பா பெல்ட்டை உருவிய நாட்களில் இந்த அண்ணன் எங்கே போய்த் தொலைந்தார் என்பதே அவளுக்கு நினைவில்லை.

போன வருடம் தூரிகைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். படமென்றால் வெளியே நின்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். உள்ளே நிற்க வைத்தால்?

பழைய பஸ் பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அந்த அறையையே மரத்தில் கட்ட ஆரம்பித்தாள். ஓவியர் தச்சு வேலைக்குப் போய்விட்டார் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

எல்லாமே ஒன்றரை மடங்கு. உள்ளே நுழைகிற பெரிய ஆள் ஆறு வயதுப் பிள்ளையாகிவிட வேண்டும். தாழ்ப்பாள் எட்டக்கூடாது. ஜன்னலில் வானம் மட்டும் தெரிய வேண்டும்.

அண்ணன் வந்தார். ஐம்பது வயது, தொந்தி, கசங்காத சட்டை. அண்ணாந்து பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு வருட உழைப்பு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, தச்சர் வெளியிலிருந்து கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார்.

கதவு சுவரில் அறைந்தது. வாசலில் நின்ற ஆளின் நிழல் அறைக்குள் நீளமாக விழுந்தது.

அவள் திரும்பினாள். அண்ணனைக் காணோம்.

மேசைக்கு அடியில் இருந்தார்.

அவ்வளவு பெரிய உடம்பைச் சுருட்டிக்கொண்டு, மண்டியிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவருக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளை ஒண்டிக்கொள்ளும் அளவு.

அறை வெறிச்சென்று இருக்கிறதே என்று போன வாரம்தான் அந்த மேசையைச் செய்யச் சொல்லியிருந்தாள். பழைய அறையில் அப்படியொரு மேசை இருந்தது என்பதற்கு மேல் அவளுக்கு எந்த நினைவும் கிடையாது.

அண்ணனின் கை பின்னால் நீண்டு, காற்றில் அவளைத் துழாவியது.

"உள்ள வா பாப்பா, சீக்கிரம். படறது என் முதுகுல படட்டும்."